பிள்ளைகள் பிறந்தநாள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை எட்டே முக்காலுக்கே மேலாளர் பால்துரை சார் கூப்பிட்டுவிட்டார். பதிவேடுகள் இருக்கும் லாக் ரூம் கணினியில் எக்செல்லைத் திறந்தால் சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியல் வருவதில்லையாம். வெறும் வெள்ளைத் திரை.

"தெனமும் ஃபோல்டர் ஃபோல்டரா தேடிக்கிட்டு இருக்கேன் இன்ஜினியர். எனக்கென்ன வேற வேலை இல்லையா?"

இந்த இறால் ஆலையில் நூற்றி நாற்பது பெண்கள் இறால் உரிக்கிறார்கள். குளிரூட்ட அமோனியா ஓடுகிறது. அந்த அளவீடுகள் எல்லாம் லாக் ரூமில் ஒரே கணினியில் ஏறுகின்றன. நான்கு பேருக்கு ஒரே லாகின். கடவுச்சொல்லைத் திரையின் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறார்கள். இது தவறு என்று மூன்று முறை மெயில் எழுதினேன். பலன், அந்தச் சீட்டை லேமினேட் செய்து மறுபடி ஒட்டிவிட்டார்கள்.

பிரச்சினை அற்பம். ஆப்ஷன்ஸில் எத்தனை கோப்புகளைக் காட்ட வேண்டும் என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. இருபத்தைந்து ஆக்கினேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அதில் எட்டு நிமிடம் அந்தக் கணினி ஆன் ஆவதற்கு.

மாலை சித்தி வீட்டு மோட்டாருக்குக் கண்டென்சர் மாற்றினேன். நான் தங்கியிருப்பது அங்கேதான். பேச்சியம்மாள் சித்தியும் இதே ஆலையில்தான், உரிக்கும் ஹாலில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பட்டியல் சரியாக வருகிறது. மாதா கோயில் திருவிழா. லாக் ரூமில் பதிவு எழுதும் ரெக்ஸலின் அக்கா நேற்றிலிருந்தே லீவு. ஊரே கோயில் பக்கம் போய்விட்டது; நான் சர்வர் அறையில் எலி கடித்த கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மறுபடி பூஜ்யம்.

"என்ன இன்ஜினியர், உங்க பன்னெண்டு நிமிஷ வைத்தியம் ரெண்டு நாள்தான் தாங்குமா?" என்றார் பால்துரை சார். நாலு பேர் முன்னால்.

வரிசையாகப் பார்த்தேன். அலுவலக மென்பொருளைப் பழுதுபார்த்தேன். குப்பை நீக்கும் நிரல் எதுவும் ஓடவில்லை. வைரஸ் இல்லை. விண்டோஸ் அமைப்பிலும் எல்லாம் ஆனில்தான். ஒரு எண் தானாகப் பூஜ்யம் ஆகாது. ஆனால் ஆகியிருக்கிறது.

நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது ரெக்ஸலின் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ரெஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுவார். அதுவே எனக்கு எரிச்சல்.

"விடுங்க தம்பி. அந்த லிஸ்ட் இல்லாட்டி என்ன? கெடக்கட்டும்."

"அப்படி விட்டா எனக்கு எதுக்குக்கா இங்க வேலை?"

"வேற எவ்வளவோ ரிப்பேர் கெடக்கு."

"புகார் வந்தாத்தான பாக்க முடியும்."

அவர் ஸ்கேலை நகர்த்தி வைத்தார். கோடு போட்டார். ஸ்கேல் நழுவிக் கோடு வளைந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மீண்டும் இருபத்தைந்து ஆக்கினேன். மாலைக்குள் பூஜ்யம்.

சித்திக்கு இருமல். கண் எரிகிறது, ஹாலில் மூத்திர நாற்றம் மாதிரி அடிக்கிறது என்கிறாள். "குளோரின் தண்ணிதான் சித்தி, தரையைக் கழுவுறாங்கல்ல" என்றேன். "குளோரின் வாடை எனக்குத் தெரியாதாக்கும், ஆறு வருசமா அதுலதானே நிக்கேன்" என்றாள். இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

குளிரூட்டும் அறைக்குப் போனேன். ஆபரேட்டர் சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு லாக் ரூம் கணினி தெரியும். நான்கு பேரில் அவரும் ஒருவர்.

"அண்ணாச்சி, எக்செல்லில் நீங்க ஏதும் நோண்டுனீங்களா?"

"நான் மாசத்துக்கு ஒரு நாள்தான் அந்தப் பக்கம் வாரது, தம்பி. ஒண்ணாந்தேதி வருவேன், முப்பத்தோரு நாளைக்கும் அடிச்சிட்டு வந்துருவேன்."

"எதை?"

"கசிவுப் பதிவை. மூணு, நாலு, மூணு, அஞ்சு. மாசக் கடைசில உக்காந்து மாங்கு மாங்குன்னு எழுதுததுக்கு மொதல்லயே முடிச்சிட்டா ரெண்டு வேலை மிச்சம்."

"அப்ப மீட்டர்?"

சுவரில் பெட்டி இருந்தது. உரிக்கும் ஹாலின் காற்றில் எவ்வளவு அமோனியா என்று காட்டுவது. 25க்கு மேல் போனால் ஆட்களை வெளியேற்றவும் என்று பெட்டியிலேயே சிவப்பு ஸ்டிக்கர். திரையில் 28 என்று இருந்தது.

"அது கொஞ்சம் கூடத்தான் காட்டும். காத்து அடிச்சா ஏறும். ரொம்ப ஏறிச்சின்னா சங்கு ஊதிருவோம்லா. ஒரு தடவை ஊதினா ஷிப்ட். மூணு தடவைன்னா ஓடு. இந்தப் பன்னெண்டு வருசத்துல மூணு ஊதினதே கிடையாது."

அவர் வேலை செய்யும் விதம் எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். என் புகார் பட்டியல் பற்றியது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஊகித்துக்கொண்டிருப்பது முட்டாள்தனம், அளந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எண்ணை மறுபடி இருபத்தைந்து ஆக்கிவிட்டு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதினேன். மணிக்கு ஒரு தடவை அந்தக் கணினியின் பட்டியலை சர்வருக்கு நகலெடுக்கும். பட்டியலை மட்டும் பிரிக்கப் பொறுமையில்லை. அதில் உள்ள கோப்புகளையும் சேர்த்தே எடு என்று எழுதிவிட்டேன். அமைப்பு எத்தனை மணிக்கு மாறுகிறது என்பதும் பதிவாகும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

நேற்று மாலை 5:21. அந்த நேரத்தில் அறையில் இருந்தவர் ரெக்ஸலின் அக்கா மட்டும். தினமும் வீட்டுக்குப் போகும் முன் அவரே எண்ணைப் பூஜ்யம் ஆக்கியிருக்கிறார். ஐந்தாம் தேதி பட்டியல் ஏன் தங்கியது என்பதும் விளங்கிவிட்டது. ஒரு வாரம் என்னை ஓட விட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காரணம் தேடியபோது சிரிப்பு வந்தது. பட்டியலின் உச்சியில் தினமும் ஒரே கோப்பு: 'பிள்ளைகள் பிறந்தநாள்'. அலுவலகக் கணினியில் சொந்த விஷயம், அதைத்தான் மறைத்திருக்கிறார். திறந்து ஒரு நொடி பார்த்தேன். ஒரு நெடுவரிசையில் தேதி, பக்கத்தில் எண்கள், அதற்கும் பக்கத்தில் ஏதோ குறிப்புகள். தினமும் ஒரு தேதி இருந்தது. யார் வீட்டில் தினமும் பிறந்தநாள் வரும் என்று நினைத்துக்கொண்டே மூடிவிட்டேன்.

அறிக்கை அனுப்பினேன். பால்துரை சாருக்கு. நேரம், பெயர், கோப்பின் பெயர், இடம், படம் எல்லாம் சேர்த்து. தலைப்பு: 'காரணம் கண்டறியப்பட்டது'. நாலு பேர் முன்னால் கேட்டாரே, அதற்குப் பதில்.

ஆகஸ்ட் 13, புதன்

சார் அழைத்தார். பாராட்டுவார் என்று போனேன். பாராட்டினார்தான்.

"நல்ல வேலை செஞ்சீங்க இன்ஜினியர். இந்த ஃபைலை வேற யாரும் பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"நீங்க?"

"பிறந்தநாள் லிஸ்ட்ல எனக்கு என்ன சார் இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. என் மெயிலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். கோப்பின் பெயருக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரெக்ஸலின் அக்கா வரவில்லை. நாற்காலியில் அவர் போட்டிருந்த பூப்போட்ட குஷன் இல்லை. ரெஜிஸ்டர்கள் மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன.

அண்ணாச்சி டீ குடிக்க வந்தார்.

"நேத்து சாயங்காலம் கேட்டுல வச்சுப் பையைக் கொட்டிப் பாத்திருக்கானுவ. பென் டிரைவை வாங்கிக்கிட்டு, நாளையிலேருந்து வராதன்னு சொல்லிட்டாங்க. பதினோரு வருசம்."

"பிள்ளைங்க பிறந்தநாளை எழுதினதுக்கா?"

அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரெக்ஸலினுக்குக் கல்யாணமே ஆகல, தம்பி. யார் பிள்ளைக்குப் பொறந்தநாள்?"

நான் கேட்டதைச் செய்தேன். புகார் வந்தது, தீர்த்தேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். சித்தி ஒரு மிட்டாயை வாயில் போட்டு இருமி, துப்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

புது ஆள் வரும்வரை லாக் ரூம் பதிவை நான் பார்க்க வேண்டுமாம். நான் இன்ஜினியர், டைப்பிஸ்ட் இல்லை என்றேன். "ஒரு வாரந்தான். உங்களை நம்பித்தான் குடுக்கேன்" என்றார் சார். அண்ணாச்சி முன்கூட்டி அடித்து வைத்த எண்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதாம், ஆய்வுக்கு வரும் அதிகாரி சந்தேகப்படுவாராம். அதனால் மீட்டரைப் பார்த்து 'இயல்பாக' அடிக்க வேண்டும்.

மீட்டர் 41 என்றது.

"நாலு புள்ளி ஒண்ணு" என்றார் சார்.

"நாப்பத்தொண்ணு சார்."

"மீட்டர்ல புள்ளி விழல. நீங்க போட்டுருங்க. கசியுற வால்வு பேக்கிங்கை மாத்தணும்னா பிளான்ட்டை மூணு நாள் நிறுத்தணும். சரக்கு ஏத்துறது முடியட்டும், மாத்திருவோம்."

4.1 என்று அடித்தேன். புள்ளி ஒரு விசை. அதற்கு அரை நொடிகூட ஆகாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

3.9, 4.4, 4.6.

ஆகஸ்ட் 20, புதன்

பட்டியல் இப்போது ஒழுங்காக வருகிறது. யாரும் அழிப்பதில்லை. உச்சியில் கசிவுப் பதிவு, கீழே ஏழாவதாக 'பிள்ளைகள் பிறந்தநாள்'. சொடுக்கினால், அந்த இடத்தில் அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. அழித்துவிட்டார்கள். பெயர் மட்டும் நிற்கிறது. பத்து தடவையாவது சொடுக்கியிருப்பேன். எதற்கென்று தெரியவில்லை.

பிறகுதான் சர்வர் நினைவுக்கு வந்தது. என் சோம்பேறி ஸ்க்ரிப்ட் கோப்பையும் நகலெடுத்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சர்வர் அறையைப் பூட்டிக்கொண்டு முழுவதும் படித்தேன். ஏப்ரல் 21இலிருந்து தொடங்குகிறது. ஒரு நாளைக்கு மூன்று எண்கள். காலை, மதியம், மாலை. ஏப்ரலில் 6, 8, 7. மே கடைசியில் 13. ஜூலையில் 22. புள்ளி எதிலும் இல்லை. குறிப்புகளை அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

'மே 30: வால்வு பேக்கிங் கசிகிறது என்று சொன்னேன். அடுத்த மாதம் என்றார்.'

'ஜூன் 27: மறுபடி சொன்னேன். உன் வேலையைப் பார் என்றார்.'

'ஜூலை 24: மூன்றாம் வரிசைப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கண் எரிச்சல்.'

'ஆகஸ்ட் 8: பேச்சியம்மாளுக்கு இருமல் நிற்கவில்லை. சிஸ்டம் தம்பியின் சித்தி. அவனிடம் சொல்லலாமா? வேண்டாம். சின்னப் பையன், வேலை போய்விடும்.'

அதற்கு மேல் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரெக்ஸலின் அக்காவுக்குப் போன் செய்தேன். மூன்றாம் முறை எடுத்தார்.

"அக்கா, நான் இசக்கிராஜா."

"சொல்லுங்க தம்பி." அதே மெதுவான குரல்.

"அந்த ஃபைல் எதுக்குக்கா?"

"இருபத்தாறாம் தேதி ஆய்வுக்கு அதிகாரி வாராரு. வருசத்துக்கு ரெண்டு தடவை வருவாரு. அந்தக் கம்ப்யூட்டர்லதான் பாப்பாரு. அவர் கையில குடுத்துரலாம்னு இருந்தேன். இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"கெடக்கட்டும்னு சொன்னேனே தம்பி."

வேறு ஏதாவது திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். திட்டவில்லை. "உங்க சித்திக்கு இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சித்தியை வேலைக்குப் போகாதே என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். முழுவதும் இல்லை, 41ஐச் சொன்னேன், புள்ளியைச் சொல்லவில்லை.

"ரெண்டு நாள் போகலன்னா கதவுப் பக்கத்து எடத்தை வேற எவளுக்காவது குடுத்துருவான், ராசா. உள்ளுக்க மூலையில கொண்டு போட்டுருவான். அந்த எடம் கெடைக்க நாலு வருசம் ஆச்சு."

கதவுப் பக்கம் உட்காருபவள்தான் குளிர் போகாமல் இருக்கக் கதவுக்கு உள்ளே கொண்டி, அதாவது தாழ்ப்பாள், போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பத்து நிமிடம் திறந்து கிடந்தால் சூப்பர்வைசர் கத்துவானாம்.

"அப்ப அந்த இடத்தை விட்டு நகராத" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

மீட்டர் 52. அண்ணாச்சி இன்று சிரிக்கவில்லை. "காத்து இல்லையே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாளை ஆய்வு. கணினியைச் சுத்தமாக வைக்கச் சொன்னார் சார்.

"அந்த லிஸ்ட்ல கண்ட கண்ட பேரெல்லாம் நிக்குது. எப்படி அழிக்கணும்னு காட்டுங்க. நானே பண்ணிக்கிடுதேன்."

எது பிரச்சினை என்று என்னை ஓட விட்டாரோ, அதையே இப்போது வேண்டும் என்கிறார். காட்டிக்கொடுத்தேன். பெயர் மேல் வலது சொடுக்கு, 'பின் செய்யாதவற்றை நீக்கு'. எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். பின் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் வீட்டுக்குப் போனதும் சர்வரிலிருந்து கோப்பை எடுத்தேன். பழைய இடத்தில், பழைய பெயரிலேயே வைத்தேன். ஆகஸ்ட் 13இலிருந்து விடுபட்டிருந்தது. நான் பார்த்த எண்களை நிரப்பினேன். 41, 39, 44, 46 என்று 52 வரை. புள்ளி இல்லாமல். பார்க்காத நாட்களைக் காலியாக விட்டேன். குறிப்புப் பகுதியில், 'ஆகஸ்ட் 18 முதல் பதிவேட்டில் பொய்யாக அடித்தது நான்' என்று எழுதினேன். இரண்டு முறை அழித்தேன். மூன்றாம் முறை சேமித்தேன்.

பட்டியலில் பெயருக்கு வலப்பக்கம் குண்டூசிப் படம் ஒன்று இருக்கும், அதுதான் பின். அதை அழுத்தினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலை மீட்டர் 57. கோப்பில் சேர்த்தேன்.

அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டே உட்கார்ந்தார். கசிவுப் பதிவைக் காட்டச் சொன்னார். பால்துரை சார் எக்செல்லைத் திறந்தார். பட்டியலைப் பார்த்ததும், "ஒரு நிமிஷம் சார், பழைய குப்பை" என்று வலது சொடுக்கி நீக்கினார்.

எல்லாப் பெயரும் போயின. ஒன்றே ஒன்று நின்றது. மறுபடி நீக்கினார். நின்றது. அதற்கு முன் இருபது பெயருக்கு நடுவில் இருந்தது, இப்போது வெள்ளைத் திரையில் தனியாக இருந்தது.

"பிள்ளைகள் பிறந்தநாளா?" என்றார் அதிகாரி. "யாரோட ஃபைல் இது?"

சார் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். "வேலையை விட்டுப் போன பொம்பளை ஒருத்தியோடது சார்."

"என்னோடது சார்" என்றேன். "திறந்து பாருங்க."

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஏப்ரலிலிருந்து படித்தார். ஆகஸ்ட் வரும்போது சுட்டியை நகர்த்துவதை நிறுத்திவிட்டார். பென் டிரைவில் நகலெடுத்தார். மேலிடத்தில் பேசிவிட்டு நாளை திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை ஆலையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை.

ஒரு மணிக்கு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

சித்தி இன்றும் போய்விட்டாள்.

வாசலில் நின்று மறித்தேன். "நூத்தி நாப்பது பேரும் உள்ளதான் இருக்காளுவ. நான் மட்டும் வீட்ல உக்காந்து என்ன செய்ய?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "கொண்டி போட மாட்டேன், போ. சூப்பர்வைசர் கத்துனா கத்திட்டுப் போறான்" என்றாள்.

நான் ஆலைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருக்கிறேன். காலையிலிருந்து ஐந்து டீ. இங்கிருந்து கேட் தெரியும், கேட்டுக்குப் பின்னால் ஹாலின் சாம்பல் நிறக் கதவும் தெரியும். அதிகாரியின் ஜீப் நான்கு மணிக்கு உள்ளே போனது. இன்னும் வெளியே வரவில்லை. ரெக்ஸலின் அக்கா இரண்டு தடவை போன் செய்தார். ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். நான்காம் தேதி பன்னிரண்டு நிமிடம் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

காற்று இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தே லேசாக அந்த வாடை அடிக்கிறது. டீக்கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன தம்பி, உள்ள கழுவுறாங்களா?" என்று கேட்டார்.

மணி ஐந்து பதினாறு. ஷிப்ட் முடிய இன்னும் பதினாலு நிமிடம் இருக்கிறது.

சங்கு ஊதுகிறது.

ஒன்று.

இரண்டு.

சாம்பல் கதவு இன்னும் மூடியிருக்கிறது. சித்தி கொண்டி போடவில்லை. போட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மூன்று.